நிரை பிடித்து நடந்த சனிக்கிழமை

என்னை வெளிக்களக் கல்விக்குப் பொறுப்பாசிரியர் ஆக்கியது ஒரு கறிபாப்.

ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "அஞ்சாம் ஆண்டுப் பிள்ளைங்கள மாசத்துல ஒரு சனிக்கிழமை வெளிய கூட்டிட்டுப் போகணும். மரம், மண்ணு, தண்ணி எல்லாத்தையும் நேரா காட்டணும். யாரு எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். மற்றவர்களுக்கெல்லாம் வாய் காலியாக இருந்தது. ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவருக்குக் கோயில் செயற்குழு. என்னிடமும் நான்கு காரணங்கள் தயாராக இருந்தன. ஆனால் வாய் முழுக்கக் கறிபாப்பின் உருளைக்கிழங்கு. மென்று விழுங்குவதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

நான் கணக்கு வாத்தியார். ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பில் பிறந்து, சிமெண்டுத் தரையில் வளர்ந்தவன். எனக்கு நெருங்கிய பழக்கமுள்ள ஒரே மரம் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை. அதுவும் திருடிய வகையில் வந்த பழக்கம். ஆனாலும் கைதட்டல் அடங்கியதும் எழுந்து நின்று, "கவலைப்படாதீங்க டீச்சர். எங்க தாத்தா பால் வெட்டுனவரு. என் ரத்தத்துலயே ரப்பர் ஓடுது" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக ஆசிரியர் என் காதருகே குனிந்தார். "மச்சான், ரத்தத்துல ரப்பர் ஓடுனா மொதல்ல டாக்டர பாருலா."

அவரைத்தான் எனக்குத் துணையாகப் போட்டார்கள். தெலுக் இந்தான்காரர். செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் கிதார் வாசிப்பார். என்னைவிட எட்டு வயது இளையவர் என்றாலும் எனக்கு அவர் வைத்திருக்கும் மரியாதை தலைமையாசிரியை அறைக்குள் மட்டும்தான் செல்லும்.

எங்கள் பள்ளி ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டைத் தாண்டி உள்ளே இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் மொத்தம் பதினான்கு பேர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டம். இப்போது பாதி தாமான் வீடுகள், பாதி செம்பனை. பள்ளிக்குப் பின்னால் அரைமணி நடந்தால் ஈயம் தோண்டி எடுத்துவிட்டுப் போட்ட பள்ளத்தில் ஒரு குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குன்று. வீடு கட்ட முடியாத செங்குத்து என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். பால் வெட்ட ஆளில்லாத பழைய பால்மரங்கள் அதில் சும்மா நின்று வயதாகிக்கொண்டிருக்கின்றன.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. ஈப்போவில் ஆற்றோரப் பூங்காவுக்குப் போனோம். அடுத்த மாதம் சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, அதற்குள் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணினோம். பதினோரு வகை எறும்பு என்று ஒரு குழு எழுதியிருந்தது. ஒரே வகை எறும்பைப் பதினோரு தடவை எண்ணியிருந்தார்கள். கணக்கு வாத்தியாரின் மாணவர்கள்.

இதெல்லாம் பெரிய ஒன்றுக்கு முன்னோட்டம். ஆண்டுக் கடைசியில் லூமுட்டில் இரண்டு நாள் முகாம். அலையாத்திக் காடு, சேற்றில் துள்ளும் மீன், நண்டு, கடல். அதற்குப் பெற்றோர் போராங்கில், அதாவது ஒப்புதல் படிவத்தில், கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு போராங் கொடுத்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. காரணம் கேட்டால் பதின்மூன்று அம்மாக்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அந்த அக்கா போட்டாங்களா சார்?"

அந்த அக்காதான் அம்மாக்களின் கைபேசிக் குழுவுக்குத் தலைவி. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள், என் வகுப்பில். இரட்டைச் சடை, இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். "ஏன் சார்?" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என் பாடவேளையில் பாதியைத் தின்றுவிடக்கூடியவள். அவளுக்கு லூமுட் என்றால் உயிர். பதினொரு வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கடல் வரைந்து வைத்திருந்தாள். நீலம் தீர்ந்துபோய்ப் பாதிக் கடல் பச்சை.

பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய அம்மா எழுந்தார். "சார், லூமுட்டுக்கு முந்தி இந்த மாசம் எங்க போறீங்க?"

"பின்னாடி இருக்குற ரப்பர் குன்றுக்கும்மா. இயற்கையோட பிள்ளைங்க பழகணும் பாருங்க."

"எங்கம்மா அந்தக் குன்றுல இருந்து எறங்கி வரவே இருபது வருஷம் ஆச்சு சார். அட்டைக்கடியும் கொசுக்கடியும் பட்டு எங்கள வெளிய கொண்டு வந்தாங்க. நீங்க என் பொண்ண திருப்பி மேல ஏத்துறேங்குறீங்க. அதுக்குப் பேரு கல்வியா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. தலைமையாசிரியைகூடக் கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்தார். நான் விடவில்லை. சுற்றுச்சூழல், கவனிக்கும் திறன், தன்னம்பிக்கை என்று பயிற்சிப்பட்டறையில் பொறுக்கிய சொற்களை எல்லாம் வரிசையாக இறக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரி சார். போயிட்டு வாங்க. எனக்கு ரெண்டு மணிக்கு வேலை. பன்னெண்டு மணிக்கு என் பொண்ணு ஸ்கூல் கேட்டுல நிக்கணும். நின்னா லூமுட் போராங்குல கையெழுத்து. நிக்கலன்னா லூமுட் கெடையாது. பக்கத்துல இருக்குற குன்றுக்கே கூட்டிட்டுப் போயி நேரத்துக்குக் கொண்டாரத் தெரியாதவரு, கடலுக்கு எப்படி சார்?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு இன்னும் கொஞ்சம் பெருமை பேசினேன். "பன்னெண்டு என்னம்மா, பதினொன்றரைக்கே நிப்பா. அன்னைக்கு நாங்க கைபேசிகூடக் கையில வச்சிக்க மாட்டோம். எங்க கண்ணுதான் மேப்பு."

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரட்டைச் சடை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாக்குக் கொடுக்கும் ஆளை எடை போடுகிற பார்வை. பதினொரு வயதுப் பிள்ளையின் கண்ணில் அப்படி ஒரு பார்வையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளித் திடலில் பெரட்டு நடத்தினேன். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதற்கு அந்தப் பெயர். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. "பெரட்டு! பெரட்டு!" என்று கத்திக்கொண்டே வரிசையில் நின்றார்கள். இப்படித்தானே பாரம்பரியத்தைக் கடத்துவது என்று எனக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. தொப்பி, விசில், கழுத்தில் பூதக்கண்ணாடி எல்லாம் அணிந்திருந்தேன். சக ஆசிரியர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "மச்சான், காட்டுக்குப் போறியா, மாறுவேடப் போட்டிக்கா?" என்றார்.

குளத்தை அடைந்ததும் இரண்டு குழுவாகப் பிரிந்தோம். அவர் ஏழு பேருடன் குளக்கரையில் தண்ணீரைச் சோதிப்பார். நான் ஏழு பேருடன் குன்றில் ஏறுவேன். ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்து குழு மாற்றிக்கொள்வோம். கொடுத்த வாக்குப்படி என் கைபேசியை அவரிடம் நீட்டினேன்.

"வச்சிக்கலா. ஆபத்துக்கு உதவும்."

"வேணாம். என் கண்ணுதான் மேப்பு."

"உன் கண்ணுக்கே கண்ணாடி போட்டிருக்க மச்சான்."

இரட்டைச் சடை என் குழுவில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் வாயாடி ஒருவன். இருவரையும் ஒரே குழுவில் போடக்கூடாது என்பது எனக்கு ஜனவரியிலேயே தெரியும். ஆனால் அன்று என் மூளை பூதக்கண்ணாடியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஒத்தையடிப் பாதையில் ஏறினோம். ரப்பர் காய் வெடிக்கும் பருவம். வெயில் ஏற ஏற மேலே எங்கிருந்தோ 'டப்' என்று வெடித்து விதைகள் தலையில் விழுந்தன. முதல் வெடிக்கு எல்லோரும் குனிந்தார்கள். நான் மட்டும் படுத்தேன். பிறகு வாயாடி ஒரு விதையைக் கல்லில் பரபரவென்று தேய்த்து என் முழங்கையில் வைத்தான். சுட்டது பாருங்கள், சின்ன வயதில் இதை எனக்கு யாரும் செய்யாமல் போனதற்காக அன்றைக்கு வருத்தப்பட்டேன், அன்றைக்கே சந்தோஷமும் பட்டேன். ஐந்து நிமிடத்தில் ஏழு பேரும் ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். என் இரண்டு கையிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். உராய்வால் வெப்பம் உண்டாகிறது என்ற அறிவியல் பாடம் அத்துடன் முடிந்தது.

குன்றில் வெட்டியிருந்த மூன்றாவது படியில் பால்மரங்கள் வரிசையாக ஓடின. அந்த வரிசைக்குத்தான் நிரை என்று பெயர். என் குடும்பத்தில் எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்: நிரையைப் பிடித்து நடந்தால் எந்த ஆளும் தோட்டத்தில் வழி தவறமாட்டான். நிரை நேராகப் போகும், அதன் முனையில் செம்மண் ரோடு இருக்கும், ரோட்டைப் பிடித்தால் வீடு. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் தாத்தா வேலை செய்த தோட்டம் பாய் விரித்த மாதிரித் தட்டையானது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

நிரையில் கொஞ்ச தூரம் நடந்ததும் சத்த வரைபடம் போட உட்கார்ந்தோம். எங்கள் திட்டத்தில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. குன்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். தாளின் நடுவில் ஒரு புள்ளி. அதுதான் நீ. ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு, எந்தப் பக்கமிருந்து என்ன சத்தம் வருகிறதோ அதை அந்தப் பக்கத்தில் வரைய வேண்டும். வாயாடி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்ததை அவன் அம்மாவுக்குச் சாட்சியோடு எழுதி அனுப்பலாம் என்று நினைத்தேன். இரட்டைச் சடை கண்ணை மூடி, நாக்கின் நுனியை உதட்டோரம் நீட்டிக்கொண்டு வரைந்தாள்.

"சரி, இன்னும் கொஞ்சம் நடந்து அடுத்தது போடுவோம். நிரையோட முனைக்குப் போயிட்டா ரோடு வந்துடும். ரோட்டுல எறங்கிக் குளத்துக்குப் போயிடலாம்" என்றேன்.

நடந்தோம். ஒரு மங்கு கிடைத்தது, பால் பிடிக்கிற கோப்பை. அதற்குள் ஒரு தவளைக் குடும்பம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்றார்கள். என் காலில் இரண்டு அட்டை. வாயாடி அறிவித்தான்: "சாருக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. சார் ஜெயிக்கிறாரு!" மறுபடி நடந்தோம். உட்கார்ந்தோம். வரைந்தோம். இப்படி மூன்று தடவை ஆயிற்று, முனை வரவில்லை.

கைக்கடிகாரத்தில் பத்தே முக்கால்.

"சார், அப்பிடியே நேரா கீழ எறங்குனா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எறங்கக் கூடாது. நிரைய விட்டா ஆளு காணாமப் போயிடுவோம்" என்று தோட்டக்காரர் குரலில் சொன்னேன். அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மேலும் நடந்தோம். ஒரு மங்கு கிடைத்தது. அதற்குள் ஒரு தவளைக் குடும்பம்.

"இங்க நெறைய தவளைக் குடும்பம் இருக்கு பாருங்க. பல்லுயிர்ச் சூழல்!" என்றேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினொன்று பத்து. எனக்கு வியர்த்தது. வெயிலால் அல்ல. கேட்டில் நிற்கப்போகும் அந்த அம்மாவின் முகம் ஒவ்வொரு பால்மரத்திலும் தெரிந்தது.

"சார், விசில் ஊதுங்க சார்" என்றான் வாயாடி.

"எதுக்கு?"

"நாம தொலைஞ்சிட்டோம்ல?"

"யாரு சொன்னா? தொலையல. ஊதுனா குளத்துல இருக்குற எல்லாருக்கும் கேக்கும்."

"அதுக்குத்தானே சார் விசிலு?"

விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். ஊதியிருந்தால் பத்து நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் அந்தச் சத்தம் போய்ச் சேர்ந்த இடத்தில் சக ஆசிரியர் என்ன சொல்வார் என்பதை நான் காதிலேயே கேட்டுவிட்டேன். ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மானத்தைப் பார்த்த அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மற்றதற்கெல்லாம் சிரிக்கிறேன். அதற்குச் சிரிப்பதில்லை.

இரட்டைச் சடை மட்டும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தன்னுடைய தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து தாள், ஐந்தாவதை அப்போதுதான் வரைந்திருந்தாள்.

"வாம்மா, நேரமாச்சு. உங்கம்மா..."

"சார், இங்க வந்து பாருங்க." எழுந்திருக்காமலே சொன்னாள். "மொதல்ல உக்காந்தப்ப நேர் முன்னால லாரி சத்தம். கல்லு ஒடைக்கிற எடத்து லாரி. ரெண்டாவது, முன்னால கோழி. மூணாவது, முன்னால ரயிலு. நாலாவது, முன்னால மேளம், நாகஸ்வரம், நம்ம ஸ்கூல் பக்கத்து மண்டபத்துக் கல்யாணம். இப்ப அஞ்சாவது. முன்னால மறுபடி லாரி."

"லாரி எங்க வேணா போகும்மா."

"லாரி போகும் சார். எங்கப்பாவே ஓட்டுறாரு. ஆனா மூணாவது தாள்ல ரயிலு இருக்கு. தண்டவாளம் நகருமா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் நடப்போம். கோழி வரும். அப்படி வந்துச்சுன்னா நிரை நேரா போகல. குன்ற சுத்துது."

வட்டத்தின் சுற்றளவை எட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் சொல்லிக்கொடுப்பவன் நான். வட்டத்துக்கு முனை கிடையாது என்பதை நான் காலால் நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மேட்டில் பால்மரம் நடுவதற்குப் படி வெட்டுவார்கள். படி குன்றைச் சுற்றித்தானே ஓடும்? நிரை படியோடுதானே போகும்?

நடந்தோம். இந்தத் தடவை ஏழு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு, பூனைமாதிரிக் கால் வைத்து நடந்தார்கள். சத்தத்துக்கு முன்னால் மணம் வந்தது. கோழிப்பண்ணை மணத்தை வாழ்க்கையில் முதல்தடவையாக ஆழமாக இழுத்து உள்ளே விட்டேன். பிறகு, கீழே எங்கோ, ஆயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் என்னைத் திட்டுவதுபோல ஒரு சத்தம்.

"கோழி!" என்று ஏழு பேரும் கத்திய கத்தலில் பறவைகள் பறந்தன. வாயாடி இரட்டைச் சடையின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "அடுத்தது ரயிலு! அடுத்தது ரயிலு!" ரயில் எங்களுக்காகக் காத்திருந்ததுபோலச் சரியாக வந்தது. அதற்கும் ஒரு கூச்சல். அங்கிருந்து ஓடினோம். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. இலைகளுக்கு நடுவே கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியிலிருந்து நாகஸ்வரம் நேராக ஏறி வந்தது.

"இங்கதான் சார். நேரா கீழ. குளம், அதுக்கு அந்தப் பக்கம் ஸ்கூலு" என்றாள் இரட்டைச் சடை. பிறகு என் முகத்தைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டாள்: "நிரைய விடலாமா சார்?"

"விடலாம்மா" என்றேன்.

இறங்குவது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். உண்மையில் சறுக்கினோம். படிக்குப் படி ஆள் உயரச் சரிவு, மேலே முழங்கால் அளவு காய்ந்த இலை. வாயாடி முதலில் உட்கார்ந்து சறுக்கினான். அடுத்த படியில் போய் நின்று, "போலே! போலே! முடியும், வாங்க!" என்று கைகாட்டினான். அதற்குப் பிறகு யாரும் காலைப் பயன்படுத்தவில்லை. நான் கடைசியாகச் சறுக்கினேன். என் கால்சட்டை இரண்டாவது படியிலேயே தன் கடமையிலிருந்து விலகிக்கொண்டது. குளக்கரைக்கு வந்து சேர்ந்தபோது எட்டுப் பேரும் செம்மண் நிறம். பெரட்டு எடுத்தேன். ஏழும் இருந்தன. எனக்கு மட்டும் அட்டை ஒன்பது.

சக ஆசிரியர் கரையில் முகம் வெளுத்து நின்றார். "எங்க மச்சான் போன? ஏழு பேர தண்ணிகிட்ட விட்டுட்டு உன்னத் தேடி வரவும் முடியல. போலீஸக் கூப்பிடவா, பாதிரியாரக் கூப்பிடவான்னு யோசிச்சிட்டிருந்தேன்லா." அவருடைய குழு அந்த நேரத்தில் அதே குளத்துத் தண்ணீரை ஆறு தடவை சோதித்திருந்தது. ஆறு தடவையும் ஒரே விடை. அவ்வளவு நம்பகமான ஆய்வை எங்கள் பள்ளி இதுவரை செய்ததில்லை.

என் கைபேசியைக் கொடுத்தார். இரட்டைச் சடையின் அம்மாவிடமிருந்து ஐந்து செய்தி. "எங்க சார் இருக்கீங்க?" ஐந்துக்கும் சக ஆசிரியரே என் பெயரில் பதில் போட்டிருந்தார்: "வந்துகிட்டே இருக்கோம்மா." எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இன்னும் குளிக்கக்கூடப் போகவில்லை என்று பொருள். அந்த அம்மாவுக்கும் தெரியும்.

மணி பன்னிரண்டு ஐந்து.

பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளைகள் கூத்தும் கும்மாளமுமாக நடந்தார்கள். இரட்டைச் சடை மட்டும் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாக, "பன்னெண்டு தாண்டிடுச்சு சார்" என்றாள்.

"நான் பேசுறேம்மா."

"வேணாம் சார்" என்றாள் உடனே. "நீங்க பேசுனா இன்னும் கோவம் வரும்."

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கேட்டை அடைந்தோம். வேலைச் சட்டையோடு அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி மற்ற அம்மாக்கள். தலைமையாசிரியை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மகளைப் பார்த்தார். செம்மண் சட்டை, கிழிந்த முழங்கை, அவிழ்ந்த ஒரு சடை. பிறகு என்னைப் பார்த்தார். நான் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். கால்சட்டை நிலவரம் அப்படி.

"மணி என்ன சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். நிரை, முனை, தவளை, மறுபடி தவளை, லாரி, கோழி. விசிலைக்கூட விடவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகத் தாயின் கையில் வைத்தாள். அம்மா ஒரு தாளில் விரலை வைத்துச் சுற்றினார். லாரி, கோழி, ரயில், மேளம். அவருடைய உதடு அசைந்தது. வாய்க்குள் ஏதோ எண்ணுவதுபோல இருந்தது.

"அந்தக் குன்றுல நிரை சுத்தித்தான் வரும் சார்" என்றார் நிதானமாக. "ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"இங்க நிக்கிறதுல ஒன்பது பேரு அந்தத் தோட்டத்துல பொறந்தவங்க. சின்னப்புள்ளையில அந்தக் குன்றுலதான் எங்கம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். எங்கள்ல யாரையாவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

முதலுதவிப் பெட்டி, தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, இடர் மதிப்பீட்டுப் படிவம் எல்லாம் எங்கள் பட்டியலில் இருந்தன. அதைத் தயார் செய்ய மூன்று கூட்டம் போட்டோம். அம்மாக்களைக் கேட்பது என்ற வரி அதில் எங்கேயும் இல்லை.

"கேக்கலம்மா" என்றேன். முதல்தடவையாக அதோடு எதையும் சேர்க்கவில்லை.

மோட்டார் பக்கமிருந்து ஒரு குரல்: "கேட்டிருந்தா மூணாவது படியில ஏறி பாதி சுத்துல எறங்குங்கன்னு சொல்லியிருப்போம். அங்க எறங்குறதுக்குப் படி வெட்டி வச்சிருக்கும்!" உடனே எல்லா அம்மாக்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எந்தப் படி, எந்த வளைவு, யார் எங்கே சறுக்கி விழுந்தார்கள் என்று. சிரிப்பு. அந்தக் குன்றைப் பற்றி என்னைத் தவிர அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு கதை இருந்தது.

சிரிக்காத ஒரே ஆள் இரட்டைச் சடை. அவள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மா, பன்னெண்டுக்கு நிக்கல" என்றாள். கண் தளும்பிவிட்டது. நேர்மையான பிள்ளை. நானாயிருந்தால் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருப்பேன்.

அம்மா என் பக்கம் கையை நீட்டினார். "போராங் வச்சிருக்கீங்களா சார்?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கசங்கிப் போயிருந்தது. பேனாவையும் கொடுத்தேன். எழுத மேசை இல்லை. "திரும்புங்க சார்" என்றார். "அம்மா, கால்சட்டை..." என்று இழுத்தேன். "நான் ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியில துணி தொவைச்சவ. திரும்புங்க."

திரும்பினேன். அம்மாக்கள் கூட்டத்திலிருந்து எழுந்த சிரிப்பைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். என் முதுகில் போராங்கை வைத்து, அழுத்தி, கையெழுத்துப் போட்டார். பேனா முனை முள்மாதிரிக் குத்தியது.

"நேரந் தவறுனது நீங்க" என்றார் என் முதுகிடம். "வழி கண்டுபிடிச்சது இவ. நீங்க தப்பு பண்ணதுக்கு இவள எதுக்கு நிறுத்தணும்? ஆனா ஒண்ணு எழுதியிருக்கேன். படிச்சிக்குங்க."

திரும்பிப் படித்தேன். பெற்றோரின் சிறப்புக் குறிப்பு என்ற இடத்தில் கொட்டை எழுத்தில்: 'ஆசிரியர் கடைசியில் நடக்கவும்.'

அவர் மோட்டாரை உதைத்துக் கிளம்புவதற்குள் குழுவில் செய்தி போய்விட்டது. "லூமுட் ஓகே. சார் பின்னால நடப்பாரு." திங்கட்கிழமை காலையில் பதின்மூன்று போராங் என் மேசையில் இருந்தது. சிறப்புக் குறிப்பு பதின்மூன்றிலும் அதேதான். ஒருவர் மட்டும், 'கால்சட்டை இரண்டு கொண்டு வரவும்' என்று சேர்த்திருந்தார்.

லூமுட்டில் நிபந்தனையை மீறவில்லை. அலையாத்திக் காட்டுக்குள் பலகைப் பாதை குறுகலாக வளைந்து வளைந்து போனது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் இரட்டைச் சடை, நடுவில் சக ஆசிரியர், பதினான்காவது பிள்ளைக்குப் பின்னால் நான். அந்த இடத்தில் நடப்பவனுக்கு மரம் தெரியாது, நண்டு தெரியாது. முதுகுப்பைகள்தான் தெரியும். யாருடைய தண்ணீர்ப் போத்தல் ஒழுகுகிறது, யார் யாருடைய சடையை இழுக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். சேற்று மீன் எங்கேயாவது துள்ளினால் முன்னாலிருந்து கூச்சல் வரும். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அது துள்ளி முடித்திருக்கும்.

ஒரு வளைவில் வரிசை நின்றது. எதற்கு நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன், தலைகள். "என்னாச்சு?" என்று கேட்டேன். கேள்வி ஒவ்வொரு பிள்ளையாகக் கைமாறி முன்னால் போயிற்று. முன்னாலிருந்து சத்தமே வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு பதில் கிளம்பி, ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்கு மெதுவாக வந்தது. கடைசியாக என் முன்னால் நின்றிருந்த வாயாடி திரும்பினான். அவன் குரல்கூடத் தணிந்திருந்தது.

"ஒண்ணும் ஆகல சார். கடலு வந்துடுச்சாம். அவ பாத்துக்கிட்டு நிக்கிறாளாம். கொஞ்ச நேரம் யாரும் தள்ள வேணாமாம்."